பழுதான வீட்டுச் சாமானைத் திருத்துவதா, புதிது வாங்குவதா? யாழ்ப்பாணத்தில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் "பிரிட்ஜ் நிண்டுபோச்சு" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், ஆலோசனை வீடு தேடி வரும். "பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசை எடுங்கோ, தவணைக்குக் குடுக்கிறாங்கள்" என்பார் ஒருவர். "எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், அவர் கை வைச்சால் இன்னும் பத்து வருசம் ஓடும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் உங்கள் பிரிட்ஜைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகப் படிப்புக்காகத் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறை எடுத்தவர்கள், கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பி நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்விக்குச் சாமானின் வயது மட்டும் பதில் சொல்லாது. உள்ளே எந்தப் பாகம் போனது என்பதுதான் சொல்லும். பதினைந்து வருடப் பிரிட்ஜில் சில நூறு ரூபாப் பாகம் போயிருக்கலாம். இரண்டு வருட ரி.வி.யில் திரையே போயிருக்கலாம். எது போனது என்று தெரியும்வரை காசை வெளியே எடுக்காதீர்கள்.

1. முதலில் கரண்டைப் பாருங்கள்

திருத்தகத்துக்கு ஓட்டோவில் ஏறிப் போகிற சாமான்களில் ஒரு பங்கு, பழுதே இல்லாத சாமான்கள். பழுது சுவரில் இருக்கும்.

ஆகவே சாமானை இன்னொரு பிளக் பொயின்றில், முடிந்தால் இன்னொரு அறையில் போட்டுப் பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டைக் கம்பிப் பிளக்குகளுக்கான 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்றுகள் இருக்கும். இப்போது வருகிற சாமான்களுக்கு 13 அம்பியர் சதுரக் கம்பி. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு அடப்ரர், அதன்மேல் இன்னொரு மல்ற்றி பிளக் என்று அடுக்கினால் இடையில் எங்கோ ஒன்று இறுக்கமில்லாமல் இருக்கும். அந்த இடம்தான் சூடாகும், கருகும், பிறகு சாமான் "வேலை செய்யாது". பிளக்கைக் கழற்றிக் கம்பிகளைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ பிளாஸ்ரிக் உருகியிருந்தாலோ மாற்றவேண்டியது பிளக்கையும் பொயின்றையும்தான். எலக்ரீசியன் ஒருவருக்கு அது சின்ன வேலை.

அடுத்தது வோல்ற்றேஜ். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதில் நூற்றுக்கு ஆறு கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. ஒழுங்கையின் கடைசி வீடாக இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு, எல்லா வீட்டிலும் மோட்டரும் விசிறியும் ஓடும் நேரத்தில், அதற்கும் கீழே இறங்குவது உண்டு. விசிறி மெதுவாகச் சுற்றும், பிரிட்ஜ் ‘டிக்’ என்று முயன்று நின்றுவிடும், காலையில் எல்லாம் சரியாக இருக்கும். இப்படி நேரம் பார்த்து வருகிற பழுது சாமானுடையதல்ல. எலக்ரீசியனிடம் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லி, உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பிரிட்ஜுக்கு ஒரு வோல்ற்றேஜ் கார்ட் (வோல்ற்றேஜ் கூடினாலோ குறைந்தாலோ கரண்டை நிறுத்தும் கருவி) வாங்கிப் போடுவது அதன் பிறகும் நல்லது.

ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதா? எல்லாச் சாமானின் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சைத் தூக்கிவிடுங்கள், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு வாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில் கரண்ட் கசிகிறது. எதையும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் கோளாறு. ஒரு சாமானையும் குறை சொல்ல முடியாது.

கரண்ட் போய் வந்தவுடன் பிரிட்ஜ் ஓடவில்லை என்று பதறவேண்டாம். கொம்பிரசர் (காஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டர்) நின்ற கையோடு உள்ளே காஸ் அழுத்தம் ஒரு பக்கத்தில் கூடியிருக்கும். அது சமப்படாமல் கொம்பிரசரால் எழும்ப முடியாது. பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள்.

வெளிநாட்டுச் சாமானுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்தில் இருந்து வந்த சாமானுக்கு இங்கத்தைய கரண்ட் ஒத்துப்போகும், பிளக் மட்டும்தான் பொருந்துமா என்று பார்க்கவேண்டும். கனடாச் சாமான் அப்படியல்ல. அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. மாமி அன்பாகக் கொண்டுவந்த ரோஸ்ரரை நேரே செருகினால் அதன் சூடாக்கும் கம்பியில் மூன்றரை மடங்குக்கும் மேலான சக்தி பாயும். அடியில் ஒட்டியுள்ள தகட்டில் "100–240" என்று போட்டிருந்தால் மட்டும் பயமில்லை. போன் சார்ஜர், மடிக்கணினி சார்ஜர் பெரும்பாலும் அப்படித்தான். மற்றவற்றுக்கு ட்ரான்ஸ்போமர் வாங்கும் காசில் இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

2. கை வைக்கக் கூடாத இடங்கள்

கருகல் மணம், புகை, தொட்டால் சுள்ளென்று அடித்தல், தண்ணீர் உள்ளே போன சந்தேகம்: இதில் ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை நிற்பாட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். "இன்னொருக்காப் போட்டுப் பாப்பம்" என்பது வேண்டாம்.

மைக்ரோவேவை நீங்களாகத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ற்றேஜைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் மோட்டரின் கப்பாசிற்றரும் கரண்ட் நிறுத்திய பின் ஒரு தடவை அடிக்கக்கூடியது. அதன் முனைகளை விரலால் தொடாதீர்கள்.

3. எந்தப் பாகம் போனது?

வேலை இங்கேதான் அதிகம். நீங்களே திருத்தவேண்டும் என்று சொல்லவில்லை. திருத்துபவரிடம் போகும்போது "வேலை செய்யுதில்லை" என்று சொல்வதற்கும் "மோட்டர் முனகுது, சுத்துதில்லை, கையால சுத்திவிட்டால் ஓடுது" என்று சொல்வதற்கும் கூலியிலேயே வித்தியாசம் வரும்.

தண்ணீர் மோட்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நின்றால் வீடே நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிற நிலத்தடி நீரைக் கிணற்றில் இருந்து இறைத்துத் தாங்கிக்கு ஏற்றித்தான் பெரும்பாலான வீடுகளில் குழாய் திறக்கிறோம். மோட்டர் முனகிக்கொண்டு சுற்றாமல் இருந்தால் உடனே நிறுத்துங்கள். முனகவிட்டால் சில நிமிடத்தில் கம்பிச்சுற்று கருகிவிடும். பிளக்கைக் கழற்றி, பின்பக்கத்து விசிறி மூடியின் ஊடாகத் தண்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே கறளும் சுண்ணாம்பும் பிடித்திருக்கிறது. பூட்டிக் கிடந்த வீடுகளில் இது சர்வ சாதாரணம். லேசாகச் சுற்றினால் சந்தேகம் கப்பாசிற்றர் மேல், அது மலிவான பாகம். மோட்டர் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வு (ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) கசிகிறது, அல்லது ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் நீர்மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. இதற்காக மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்ப் புது மோட்டரோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மோட்டருக்கும் பம்புக்கும் நடுவே துளித்துளியாகத் தண்ணீர் சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டது. இதை அலட்சியம் பண்ணாதீர்கள். சீல் சின்னக் காசு. அந்தத் தண்ணீர் பெயரிங்குக்குப் போய், பெயரிங்கில் இருந்து கம்பிச்சுற்றுக்குப் போனால் பெருங்காசு. கம்பிச்சுற்றுக் கருகினாலும் உடனே எறிய வேண்டியதில்லை. வார்ப்பு உடல் வெடிக்காமல், தண்டு தேயாமல் இருந்தால் திரும்பக் கம்பி சுற்றுவிக்கலாம். இந்தக் கைவேலை குடாநாட்டில் நன்றாகவே இருக்கிறது, மோட்டரால் தண்ணீர் இறைக்கும் தோட்டக்காரர்கள் இருக்கும்வரை இருக்கும். செம்புக் கம்பியா அலுமினியக் கம்பியா என்று கேட்டுச் செம்புக்கே சொல்லுங்கள், பில்லிலும் அதை எழுதுவியுங்கள்.

அடுத்தது பிரிட்ஜ். குளிர் குறைகிறது என்றால் முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். ஐந்நூறு ரூபாத் தாள் ஒன்றைக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் வைத்து மூடி இழுங்கள். இழுக்கும்போது பிடித்துக்கொண்டு வரவேண்டும். தாராளமாக வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் விட்டுவிட்டது. நாலு பக்கமும் இப்படிப் பார்க்கலாம். ரப்பர் அழுக்காக இருந்தால் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தாலே பாதி சரியாகும். பிறகு பின்பக்கத்துக் கறுப்புக் கம்பி வலையில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மண் ஒழுங்கைப் பக்கத்து வீடுகளில் அது கம்பளி மாதிரிப் படிந்திருக்கும்.

சில நிமிடத்துக்கு ஒருதரம் ‘டிக்’ என்று சத்தம், குளிர் இல்லை என்றால் கொம்பிரசரைத் தொடக்கிவிடும் ரிலேயோ அதோடு இருக்கும் ஓவர்லோட் என்ற பாதுகாப்புச் சுவிட்சோ போயிருக்கலாம். இரண்டும் பெரிய விலையில்லை. கொம்பிரசரே போயிருக்கவும் இடமுண்டு, ஆகவே ரிலேயை மாற்றிப் பார்க்காமல் "கொம்பிரசர் போட்டுது" என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள். ஐஸ் கட்டாத வகைப் பிரிட்ஜில் மேல்தட்டு உறைந்து கீழ்த்தட்டு வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே ஐஸை உருக்கும் ஹீற்றர், டைமர், சென்சர் இவற்றில் ஒன்று. அதுவும் திருத்தக்கூடியதே.

காஸ் விஷயத்தில்தான் மக்கள் அதிகம் காசு விடுகிறார்கள். பிரிட்ஜில் காஸ் பெற்றோல் அல்ல, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்துவிட்டது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் மட்டும் அடித்துவிட்டால் சில மாதத்தில் திரும்ப அதே கதை. "லீக் எங்க அண்ணை?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்ட முடியாதவரிடம் காஸ் அடிக்கவேண்டாம். பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் R600a என்று இருந்தால் அது தீப்பற்றும் காஸ், R134a அப்படியல்ல. R600a பிரிட்ஜுக்கு அதே காஸ்தான் போடவேண்டும், முன்பு அந்த வகையில் வேலை செய்தவர்தான் செய்யவேண்டும். ஓட்டை பெட்டியின் சுவருக்குள்ளே, நுரைக்குள் புதைந்த குழாயில் என்றால் பேச்சை முடித்துக்கொண்டு புதிது பாருங்கள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காரைநகர் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பிரிட்ஜின் அடித்தகட்டையும் குழாய்களையும் அரித்துவிடும். அடி முழுக்கக் கறள் ஏறியதில் ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்தது திறக்கும்.

மிக்ஸி செத்துவிட்டது என்று தோன்றினால் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல மிக்ஸிகளில் அங்கே சின்னச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். செத்தல் மிளகாயையோ உழுந்தையோ அளவுக்கு மிஞ்சிப் போட்டு அரைத்தால் மோட்டரைக் காப்பாற்ற அது வெளியே தள்ளும். ஆறவிட்டு உள்ளே அமத்தினால் மிக்ஸி உயிர்த்துவிடும். மோட்டர் சுற்றுகிறது, பிளேட் சுற்றவில்லை என்றால் நடுவிலுள்ள கப்ளர் தேய்ந்திருக்கும். நெருப்புப்பொறி அதிகமாகப் பறந்தால் காபன் பிரஷ். மூன்றும் மலிவு. ஆமேச்சர் (மோட்டருக்குள் சுற்றும் கம்பிச்சுற்று) கருகினால் மட்டும் யோசிக்கவேண்டும். மலிவு மிக்ஸி என்றால் விட்டுவிடுங்கள், நல்ல மோட்டருள்ள கனமான மிக்ஸி என்றால் விலை கேட்டுப் பாருங்கள்.

விசிறி மெதுவாகச் சுற்றினால் கப்பாசிற்றர். மேசை விசிறி தொடங்க மறுத்து, கையால் தட்டிவிட்டால் சுற்றினால் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கலாம். துடைத்து இரண்டு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசினாகி இன்னும் இறுக்கும்.

ரைஸ் குக்கர், அயன் இரண்டிலும் முழுதாகச் செத்துப்போவது பெரும்பாலும் வயரின் கழுத்திலோ தேர்மல் பியூஸிலோதான். பியூஸ் பயறளவு இருக்கும், விலையும் அப்படித்தான். ஆனால் அதை எடுத்துவிட்டு வயரை நேரே முறுக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திருத்திய அயன் சூடு மிஞ்சினால் நிற்காது. "பியூஸ் போட்டனீங்களா, நேர குடுத்தனீங்களா?" என்று கேட்டே வாங்குங்கள்.

கேத்தலுக்கு வருவோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அடியில் வெள்ளைத் தகடு படிந்து, கொதிக்க நேரம் எடுத்து, சத்தம் கூடினால் அது பழுதில்லை. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ தண்ணீரில் கலந்து கொதிக்கவைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு ஊற்றினால் முட்டைக்கோது போலச் செதில் செதிலாகக் கழன்று வரும். கேத்தல் அடியால் ஒழுகினால் மட்டும் எறியுங்கள். இதே சுண்ணாம்புதான் வோஷிங் மெஷினின் தண்ணீர்க்குழாய் வாயிலுள்ள வலையையும் அடைக்கிறது. தண்ணீர் மெதுவாக ஏறினால் குழாயைக் கழற்றி அந்த வலையைப் பல்துலக்கும் தூரிகையால் தேயுங்கள். தண்ணீர் வெளியேறாவிட்டால் கீழே உள்ள வடியில் சில்லறைக் காசோ ஊசியோ சிக்கியிருக்கும். இரண்டு தொட்டி வைத்த அரைத் தானியங்கி மெஷின்கள் திருத்துவதற்கு இலகுவானவை. டைமர், பெல்ற், கப்பாசிற்றர், பிரேக் எல்லாம் கடைகளில் கிடைக்கும். முழுத் தானியங்கியில் சர்க்கிற் போர்ட் போனால் செலவு ஏறும். தொட்டி சுற்றும்போது விமானம் எழும்புகிற மாதிரி இரைந்தால் பெயரிங். கழற்றிப் பூட்டும் கூலி பாகத்தின் விலையை மிஞ்சும்.

எல்.ஈ.டி. ரி.வி.யில் சத்தம் வருகிறது, படம் இல்லையென்றால் இருட்டில் திரையோடு ஒட்டி ரோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பின்னால் ஒளிகொடுக்கும் எல்.ஈ.டி. பட்டிகள் போயிருக்கின்றன. அது திருத்தக்கூடியது. திரை வெடித்தால் புது ரி.வி.தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மூடியைக் கழற்றியவுடன் பல்லி, எறும்பு, எலி இவற்றின் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சுக்குள் எறும்பு கூடு வைத்தால் தொடுப்புக் கிடைக்காது. வோஷிங் மெஷினின் அடிப்பக்கம் எலிக்குத் திறந்த வீடு, வயர்கள் அதற்குத் தீனி. கடித்த வயரை மாற்றிவிட்டு அடியில் வலை அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

4. யாரிடம் கொடுப்பது, எப்படிக் கேட்பது

வொரண்டிக் காலம் முடியவில்லை என்றால் வேறு பேச்சே இல்லை, வாங்கிய கம்பனியின் சேவை நிலையம்தான். வெளியாள் ஒருவர் திறந்தால் அந்த உரிமை போய்விடும். பில்லையும் வொரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் கடைகள் கொடுக்கும் பில் மை இங்கத்தைய வெக்கைக்கு ஒரு வருடத்தில் மறைந்துவிடும். வொரண்டிக்கு எது உட்படும் என்பதையும் வாசியுங்கள். "பத்து வருட வொரண்டி" என்று பெரிதாக எழுதியிருப்பது கொம்பிரசருக்கோ மோட்டருக்கோ மட்டும், மற்றதெல்லாம் ஒன்று இரண்டு வருடம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். கப்பாசிற்றர் போனதற்குப் பத்து வருட வொரண்டி உதவாது.

வொரண்டி முடிந்ததென்றால் ஊர்த் திருத்தகம். அதற்காக யாழ் நகரத்துக்கே வரவேண்டியதில்லை. சுன்னாகம், மானிப்பாய், நெல்லியடி, சாவகச்சேரி சந்திகளிலும் நல்ல கைகள் உண்டு. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடைசெய்த சாமான் என்றிருந்தபோது சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்ட ஊர் இது. இல்லாத பாகத்துக்கு மாற்றுப் பாகம் தேடும் பழக்கம் இங்கே இன்னும் மிச்சமிருக்கிறது. அது பெரிய கொடை, சில சமயம் ஆபத்தும்கூட. பொருந்தாத பாகத்தைப் பொருத்திவிடுவார்கள்.

கொடுக்கும்போது இப்படித் தொடங்கலாம்:

"அண்ணை, உடன திருத்த வேண்டாம். எது போனது, எவ்வளவு முடியும் எண்டு முதல்ல பாத்துச் சொல்லுங்கோ. பாக்கிறதுக்கு எவ்வளவு?"

"பாக்கிறதுக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி, செய்தால் தாங்கோ."

"இல்லை, செய்யாட்டிலும் தாறன். ஆனால் எனக்கு வடிவாச் சொல்லோணும்."

பார்ப்பதற்குக் காசு கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. இலவசமாகப் பார்த்தவர் எதையாவது திருத்தினால்தான் அவருக்குக் கூலி; எதையாவது திருத்தியே தீருவார். பார்த்த கூலியைக் கொடுத்தால் "இதில காசு போடாதேங்கோ" என்று சொல்லவும் அவரால் முடியும்.

விலை சொன்ன பிறகு மூன்று விஷயம் கேளுங்கள்: பாகம் புதிதா, கழற்றியதா? செய்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு? கழற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? மூன்றாவது கேள்வியைக் கேட்டவுடன் முகம் மாறினால் கடையை மாற்றுங்கள். சாமானைக் கொடுக்கும்போது கூட வந்த ஜார், ஜாடி, ரிமோட் எதையும் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. மொடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பில் கேளுங்கள், வெறும் தாளில் எழுதியதாக இருந்தாலும் பரவாயில்லை. விற்ற சாமானிலோ செய்த வேலையிலோ ஏமாற்று நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நிறுவனம் அது, தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பில் இல்லாமல் போனால் உங்கள் பேச்சு மட்டும்தான் சாட்சி.

5. இப்போது கணக்கு

திருத்தும் செலவு புதிதின் பாதி விலையைத் தாண்டினால் புதிதை வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் இங்கே அதைக் கொஞ்சம் திருத்திப் பிடிக்கவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிச் சாமானின் விலை அதோடு ஏறியது. அதற்கு முன்பு வாங்கிய உங்கள் வோஷிங் மெஷினுக்குக் கொடுத்த காசு இன்றைக்குக் கணக்கில்லை. இன்று அதே தரத்தில் ஒன்று என்ன விலை என்று கேட்டு வந்து, அதோடுதான் ஒப்பிடவேண்டும்.

நான் பார்க்கும் முறை இது. போனது மாற்றக்கூடிய சின்னப் பாகமா, அப்படியானால் சாமானுக்கு எத்தனை வயதானாலும் திருத்துவேன். போனது அதன் உயிர்ப்பாகமா, அதாவது கொம்பிரசர், திரை, உள்குழாய், முழு சர்க்கிற் போர்ட்? அப்போது வயதைப் பார்ப்பேன். பாதி விலைக் கணக்கு அங்கேதான் வரும். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தரம் வேறொரு பாகம் போனால் மூன்றாவதற்குக் காத்திருக்கமாட்டேன். அதே பாகம் திரும்பப் போனால் மட்டும் சாமானைக் குறை சொல்லமாட்டேன். காரணம் வெளியே இருக்கிறது, பெரும்பாலும் வோல்ற்றேஜ்.

மின்பட்டியலையும் கணக்கில் சேர்க்கவேண்டும், ஆனால் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு அல்ல. நீங்களே அளந்து பாருங்கள். இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது பிரிட்ஜை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் நிற்பாட்டி, மீற்றர் இலக்கத்தைப் படம் எடுத்துவிட்டுப் போங்கள். வந்து திரும்பவும் எடுங்கள். ஐந்து அலகு ஓடியிருந்தால் நாளுக்கு இரண்டரை, மாதம் 75. அதே அளவான புதுப் பிரிட்ஜ் நாளுக்கு ஒரு அலகு முன்பின் எடுக்கும். மாதம் 45 அலகு மிச்சம் என்றால் அது பேசக்கூடிய தொகை. கதவு ரப்பர் சரியாக இருந்தும் இந்த அளவு ஓடினால் மாற்றுவதற்கு நியாயம் உண்டு. வீட்டுப் பாவனைக் கட்டணம் தட்டுத் தட்டாக ஏறுவதால், மாதம் 60 அலகை ஒட்டி நிற்கும் சின்னக் குடும்பத்துக்கு இந்த மிச்சம் இன்னும் பெறுமதி.

விசிறிக்கும் இதே கணக்கைப் போடலாம். பழைய கூரை விசிறி 75 வாற், புதிய பி.எல்.டி.சி. விசிறி (சர்க்கிற் போர்ட் வைத்து ஓடும் வகை) 35 வாற் என்று வையுங்கள். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 12 அலகு மிச்சம். நல்லதுதான். ஆனால் பழைய விசிறியில் போகக்கூடியது கப்பாசிற்றரும் பெயரிங்கும். புதியதில் சர்க்கிற் போர்ட் இருக்கிறது, மின்னல் காலத்தில் அதுதான் முதலில் போகும். ஓடுகிற விசிறியை மிச்சத்துக்காகக் கழற்றுவதை நான் ஆதரிப்பதில்லை, போனபிறகு மாற்றினால் போதும்.

இன்னொன்று, எத்தனை நாள் இல்லாமல் இருக்க முடியும்? ரி.வி. ஒரு மாதம் திருத்தகத்தில் இருக்கலாம். தண்ணீர் மோட்டர் ஒரு நாள் கூட முடியாது. கொழும்பில் இருந்து பாகம் வரவேண்டும் என்றால் அந்த நாட்களையும் விலையில் சேருங்கள். கைக்குழந்தையும் மருந்தும் உள்ள வீட்டில் பிரிட்ஜுக்கான கணக்கு, தனியாள் அறையில் உள்ள பிரிட்ஜுக்கான கணக்கு ஆகாது.

6. புதிதுதான் என்று முடிவானால்

வாங்கப்போகும் மொடலுக்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உங்கள் திருத்துநரிடம் கேளுங்கள். எந்தக் கம்பனியின் சாமான் திரும்பத் திரும்ப அவர் மேசைக்கு வருகிறது, எதற்குப் பாகம் கிடைக்காமல் தவிக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். தவணைக்கு எடுப்பதென்றால் மாதத் தொகையைப் பார்க்காமல், எல்லாத் தவணையையும் கூட்டிக் கைக்காசு விலையோடு ஒப்பிடுங்கள்.

பாவித்த பிரிட்ஜ் வாங்குவதென்றால் விற்பவர் வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். அரை மணித்தியாலம் கதை கொடுத்தபடி நின்று, கொம்பிரசர் தானாக நின்று தானாக எழும்புகிறதா என்று கவனியுங்கள். பின்பக்கத்துக் குழாயில் புதிதாக ஒட்டிய தடம் இருந்தால் காஸ் அடித்த பிரிட்ஜ். ஏற்றும்போது நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணித்தியாலம் பொறுத்துத்தான் பிளக்கைச் செருகவேண்டும்.

மாரி மழை தொடங்கும் ஒக்ரோபர், நவம்பரில் இடி முழக்கம் கேட்டவுடன் ரி.வி., ரவுட்டர், வோஷிங் மெஷின் பிளக்குகளைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிற்பாட்டுவது போதாது. ரி.வி.க்கு அன்ரனா வயரும் இருந்தால் அதையும் கழற்றவேண்டும்.

7. பழையதை என்ன செய்வது

உடனே பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் திருத்தகத்தில் விலை கேளுங்கள். நல்ல மோட்டர், கதவு ரப்பர், தட்டுகள், ஓடுகிற கொம்பிரசர் இவற்றுக்காக அவர்கள் எடுப்பார்கள், இரும்பு விலையைவிடக் கூடவும் கொடுப்பார்கள். புதிது விற்கும் கடைகள் சில பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பதும் உண்டு. இரண்டையும் கேட்டபிறகுதான் இரும்புக்காரர். அவருக்கு விற்கும்போது மோட்டரும் கொம்பிரசரும் தனி விலை, உள்ளே செம்பு இருக்கிறது. முழுவதையும் இரும்பு நிறையில் போட விடாதீர்கள். குழாயை வளவிலேயே வெட்டிக் காஸைப் பறக்கவிடவும் விடவேண்டாம், R600a என்றால் பக்கத்தில் அடுப்பு எரிந்தாலே ஆபத்து.

எடுக்க ஆள் வரும்வரை பழைய பிரிட்ஜ் விறாந்தையில் கிடக்கப் போகிறதென்றால் கதவைக் கழற்றி விடுங்கள். ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே போனால், பழைய கொளுவி வைத்த கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. பிணைச்சலில் உள்ள ஆணிகளைக் கழற்ற ஒரு ஸ்பானரும் பத்து நிமிடமும் போதும்.